ஒன்பது முட்டிகள்

முட்டியில் ஒட்டலாம் என்று சொன்னவள் நான்தான். வேறு யார் தலையிலாவது இந்தப் பழியைக் கட்ட முடியுமா என்று நிறைய யோசித்துவிட்டேன், முடியவில்லை. உடுப்பு மாற்றும் அறையில், எட்டுப் பெண்கள் காது கொடுத்துக் கேட்க, என் வாயால்தான் சொன்னேன்.

நாங்கள் வேலை செய்வது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு. தரைக்குக் கீழே இருக்கிறது. மேலே ஆறு மாடி முழுக்க டாக்டர்கள். கீழே ஒன்பது பெண்கள், நான்கு துவைக்கும் மெஷின், ஒரு உருளை மெஷின். கட்டில் விரிப்புகளை இஸ்திரி போடுவது அந்த உருளை மெஷின்தான். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுக்கு ஒரு முனையைக் கிள்ளிப் பிடித்து, ஈர விரிப்பை விறைப்பாக இழுத்து, சூடான தகட்டுக்கு மேலே நீட்டிக் கொடுக்க வேண்டும். உருளை அதை வாங்கிக்கொள்ளும். உடனே அடுத்த விரிப்பு. ஒரு நாளைக்கு எண்ணூறு.

இடது முனை நான். வலது முனை என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. அவளுடைய புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய் நாலு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவளும் அவள் மகளும் எங்கள் வீட்டில்தான். ஒரே பஸ்ஸில் வருகிறோம், ஒரே விரிப்பைப் பிடிக்கிறோம், ஒரே சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிறோம். இதற்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் இரட்டையாகத்தான் பிறந்திருக்க வேண்டும்.

அவளுடைய வலது கை சரியில்லை என்பது அதனால் எனக்கு மட்டும் தெரியும். காலையில் எழுந்ததும் கையைத் தொங்கவிட்டு, ஈரத்தை உதறுகிற மாதிரி உதறிக்கொண்டே இருப்பாள். முதலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு எதுவும் குத்தவில்லை என்றாள். அது நல்ல செய்தி என்று நினைத்தேன், மடச்சி. டம்ளர் கை நழுவி விழும். மகளுக்குப் பின்னல் போட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து, "அத்தைகிட்ட போட்டுக்க" என்று என்னிடம் தள்ளிவிடுவாள். வேலைக்குப் போகிற உடுப்பின் பொத்தானைப் போட முடியாமல் திணறுவாள். அறையின் மூலையில் அவளைச் சுவர் பக்கம் திருப்பி நிறுத்தி, நான்தான் போட்டுவிடுவேன். யாராவது கேட்டால், "என் வீட்டு மகாராணிக்கு வேலைக்காரி நான்" என்று சிரித்து மழுப்புவேன்.

"வலிக்குதாடி?" என்று கேட்டால், "வலி இல்ல அண்ணி, மரத்துப் போகுது, அவ்வளவுதான்" என்பாள். வலி இல்லையென்றால் பெரிதாக ஒன்றுமில்லை என்று இருவரும் சொல்லிக்கொண்டோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மேலிடத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கையில் சுருட்டிய தாள்கள், பை நிறைய சிவப்பு ஒட்டுப் பொட்டு. தாளில் ஒரு மனுஷ உருவம், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. உடம்பில் எங்கே வலிக்கிறதோ, ஆளுக்கு ஒரு தாளில் அந்த இடத்தில் ஒரு பொட்டு ஒட்ட வேண்டுமாம். வேலை செய்கிறவர்களுக்குத்தான் வேலை தெரியும், நீங்கள் சொல்லுங்கள், அதைப் பார்த்துச் சாமான்களை மாற்றுகிறோம் என்றார். நல்ல முகம், பொய் சொல்கிற முகம் இல்லை. ஆனால் பக்கத்தில் எங்கள் மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தார். பேசும்போதெல்லாம் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். அந்த அம்மாவுக்குப் பொட்டுக்காரம்மா என்று அரை மணி நேரத்தில் பெயர் வைத்துவிட்டோம்.

"வலி ரொம்ப இருந்தா சொல்லுங்க. லேசான வேலை கொடுக்கச் சொல்லலாம்," என்றார் பொட்டுக்காரம்மா.

அவ்வளவுதான், எங்கள் ஒன்பது பேர் முகமும் செத்துப் போயிற்று.

எங்களிடத்தில் லேசான வேலை என்ற வார்த்தைக்கு வேறு அர்த்தம். போன வருடம் இங்கே ஒரு நெட்டையம்மா இருந்தார். தோள்பட்டை தூக்க முடியவில்லை என்று கடிகாரத்திடம் சொன்னார். பாவம், உனக்கு லேசான வேலை என்று தலையணை உறை அடுக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். இரண்டு வாரம் அடுக்கினார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எங்கள் பெயர்ப் பட்டியல் புதிதாக வரும், அதில் பெயர் இருந்தால்தான் வேலை. அந்த முறை வந்ததில் நெட்டையம்மாவின் பெயர் இல்லை. அதிலிருந்து யாராவது பெயர் விடுபட்டுப் போனால், "அவளுக்கு லேசான வேலை ஆயிடுச்சு" என்றுதான் சொல்வோம். எங்கள் வாயில் அது சாவுச் செய்தி மாதிரி.

உடுப்பு அறைக்குள் போனதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிசுகிசுத்தார்கள். மடிக்கும் மேஜையில் நிற்கிற பாட்டுக்காரி அழவே ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு இடுப்பு. கண்ணாடி போட்ட அக்காவுக்குக் கழுத்து.

"ஒண்ணுமே ஒட்டலன்னா?" என்றாள் பாட்டுக்காரி.

"ஒன்பது பேருக்கும் ஒண்ணுமே இல்லையா? நம்புவாங்களா?" என்றார் கண்ணாடி அக்கா.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நாசமாய்ப் போகிற மூளை. "முட்டியில ஒட்டுங்க," என்றேன். "நின்னா யாருக்கும் முட்டி வலிக்கும். கைய வச்சுத்தான் வேலை, முட்டிய வச்சா விரிப்பு பிடிக்கிறோம்? முட்டிக்காக யாரையும் வெளிய அனுப்ப மாட்டாங்க."

எல்லோரும் என்னை மந்திரியைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது, பொய் சொல்வானேன்.

வரிசையாகப் போய் ஒட்டினோம். என் நாத்தனார் எனக்கு முன்னால் நின்றாள். பொட்டை இடது கையால் உரித்து, தாளுக்கு மேலே பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நேராகக் கொண்டுபோய் வலது மணிக்கட்டில் ஒட்டினாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுடைய மகள் எட்டாம் வகுப்பு. என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார், வண்டி இருந்தால் வேலை, இல்லையென்றால் திண்டாட்டம். இவளுக்கும் லேசான வேலை ஆகிவிட்டால் என்ன செய்வோம்? பொட்டுக்காரம்மா கடிகாரத்திடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் குனிந்து, நகத்தால் அந்தப் பொட்டைப் பிய்த்து, முட்டியில் வைத்து அழுத்தினேன்.

"அண்ணி!" என்றாள் மெதுவாக.

"வாய மூடு."

மூடிக்கொண்டாள். அவள் என் பேச்சைத் தட்டமாட்டாள், அதுதான் அவளுக்குப் பிடித்த சனி.

பொட்டுக்காரம்மா தாள்களைப் பரப்பிப் பார்த்தார். ஒன்பது தாள், ஒன்பது பொட்டு, ஒன்பதும் வலது முட்டியில். எங்களில் ஒருத்திக்காவது இடது முட்டி வலிக்கக் கூடாதா? அந்த அளவுக்குக்கூட யோசிக்கவில்லை. அவர் நெற்றியைச் சுருக்கினார், ஏதோ கேட்க வந்தார், கேட்கவில்லை. குறித்துக்கொண்டு போய்விட்டார். அன்று பஸ்ஸில் நான் உற்சாகமாகப் பேசிக்கொண்டு வந்தேன். நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கையை உதறிக்கொண்டு வந்தாள்.

மூன்று வாரத்தில் சாமான்கள் வந்தன. மடிக்கும் மேஜைக்கு முன்னால் நிற்க மெத்தென்று ரப்பர் விரிப்பு. உருளை மெஷினுக்கு இரண்டு உயரமான ஸ்டூல். நின்று நின்று முட்டி போகிறதல்லவா, இனி உட்கார்ந்து கொடுங்கள் என்றார்கள். பாட்டுக்காரி ரப்பர் மேல் குதித்துப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் முதல் அரை மணி நேரம் சொகுசாகத்தான் இருந்தது.

பிறகுதான் புரிந்தது. நிற்கும்போது தகடு எங்களுக்கு நெஞ்சு உயரம். உட்கார்ந்தால் தோள் உயரம். ஒவ்வொரு விரிப்புக்கும் இரண்டு கையையும் தூக்கி, மணிக்கட்டை வளைத்து, கிள்ளிப் பிடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எண்ணூறு முறை. நானாவது கொஞ்சம் உயரம். அவள் குள்ளம். அவளுடைய கை தகட்டின் விளிம்புக்குச் சரியாக வந்து நின்றது. அந்தத் தகடு தண்ணீர் பட்டால் சொய்ங் என்று ஆவியாகிற சூடு.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. என் முனையைப் பார்க்க மாட்டேன், அவள் விரலைத்தான் பார்ப்பேன். விரிப்பு உள்ளே போகும், அவள் விரல் விடும். விட்டுவிட்டாளா? விட்டுவிட்டாள். அடுத்தது. விட்டுவிட்டாளா? சில நேரம் விரிப்பு போன பிறகும் அவள் விரல் எதையோ கிள்ளிக்கொண்டே காற்றில் நிற்கும். எனக்கு உயிர் போய் உயிர் வரும். ஸ்டூலில் உட்கார்ந்தபடி சட்டென்று பின்னால் நகரவும் முடியாது, முழங்கால் மெஷினுக்கடியில் மாட்டியிருக்கும். வீட்டில் தட்டு கழுவும்போதுகூட அந்தத் தகடுதான் கண் முன்னால் நின்றது.

"ஸ்டூல தள்ளிட்டு நின்னுக்கலாம்டி," என்றேன்.

"நாமதானே முட்டி வலின்னு சொன்னோம்," என்றாள். "இப்ப நின்னா என்ன நெனப்பாங்க?"

நான் அடுத்த விரிப்பின் முனையைத் தேடி எடுத்தேன்.

பொட்டுக்காரம்மா நடுவில் ஒரு நாள் வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்று ஒன்பது பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்து சொன்னோம். என் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அது நடந்தது ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். நான் கடிகாரத்தைப் பற்றி ஏதோ சொன்னேன், அவர் தூக்கத்தில்கூட மணிக்கட்டைப் பார்ப்பார், மனைவி எப்படித்தான் சகிக்கிறாளோ என்று. அவள் சிரித்தாள். அவளைச் சிரிக்க வைப்பது எனக்குப் பிடிக்கும், அந்த நாலு வருடத்தில் அவள் சிரித்ததே கொஞ்சம். விரிப்பு மடங்கிச் சிக்கியதால் உருளை நின்றிருந்தது. கண்ணாடி அக்கா பின்பக்கம் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் காத்திருந்தோம். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாற்றம் வந்தது.

துணி கருகுகிற நாற்றம் எங்களுக்குப் பழக்கம். இது அது இல்லை. முடி பொசுங்கினால் வருமே, அந்த மாதிரி. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெஷினைப் பார்த்தேன், விரிப்பைப் பார்த்தேன். பிறகு கீழே பார்த்தேன். அவளுடைய வலது கை தகட்டின் விளிம்பில் ஓய்வாகப் படிந்திருந்தது. மூன்று விரல் நுனியும் தகட்டின் மேல்.

"அப்புறம் என்ன அண்ணி சொன்னா அவரு பொண்டாட்டி?" என்று கேட்டாள்.

என் தொண்டையிலிருந்து என்ன சத்தம் வந்ததென்று தெரியாது. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். தோல் கொஞ்சம் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் என்னைக் கோபமாகப் பார்த்தாள், ஏன் இழுக்கிறீங்க என்று. பிறகு தன் விரலைப் பார்த்தாள். அப்போதும் கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. யாருடைய விரலையோ பார்ப்பது போல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், கடவுளே.

தண்ணீரில் கையைப் பிடித்து, மருந்து போட்டுக் கட்டினோம். கடிகாரம் பதிவேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். செய்தி போய் பொட்டுக்காரம்மாவும் மூச்சிறைக்க இறங்கி வந்தார்.

"பேச்சு சுவாரஸ்யத்துல கவனிக்கல, அதானே?" என்றார் கடிகாரம். "கவனக்குறைவுன்னு எழுதுறேன்."

நாத்தனார் வேகமாகத் தலையாட்டினாள். "ஆமா சார். என் தப்புதான்." என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள், வேணாம் அண்ணி, சொல்லிடாதீங்க.

சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் நாளைக் காலை எட்டு மணிக்கு அதே ஸ்டூல், அதே தகடு, அதே கை. அடுத்த முறை உருளை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த விரல் விடாமல் போனால்?

"கவனக்குறைவா?" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. "சார், அவளுக்கு அந்தக் கையில உணர்ச்சியே இல்ல. சுட்டது அவளுக்குத் தெரியல. முட்டியில வலின்னு நாங்க ஒட்டினது மொத்தமும் பொய்."

"அண்ணி!" என்று அலறினாள் அவள். விரல் வெந்தபோது வராத சத்தம்.

"இவ மணிக்கட்டுலதான்மா ஒட்டினா. நான்தான் பிச்சு முட்டியில வச்சேன்."

முதல் தடவை அவள் உண்மையை ஒட்டினாள், நான் பிய்த்தேன். இந்தத் தடவை அவள் மறைக்கச் சொன்னாள், நான் போட்டு உடைத்தேன். இரண்டு தடவையும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொட்டுக்காரம்மா அங்கிருந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா? உங்களுக்கு லேசான வேலை வாங்கித் தர்றேன்னுதானே சொன்னேன்?"

கண்ணாடி அக்காதான் நெட்டையம்மா கதையைச் சொன்னார், கடிகாரத்தை வைத்துக்கொண்டே. கடிகாரம் முதல் தடவையாகத் தன் மணிக்கட்டைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். பட்டியலைத் தான் போடுவதில்லை என்று முணுமுணுத்தார்.

பொட்டுக்காரம்மா ஒரு ஈர விரிப்பை எடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தபடி வலது முனையைப் பிடித்து, என்னோடு சேர்ந்து கொடுத்தார். பன்னிரண்டாவது விரிப்பில் தோளைப் பிடித்துக்கொண்டார். "இதுல எப்படிம்மா நாள் முழுக்க..." என்று நிறுத்திவிட்டார். பிறகு, "சரி, நீங்களே சொல்லுங்க. எப்படி இருந்தா கை இறங்கும்?" என்றார்.

அதன்பிறகு நாலு நாள் எங்கள் இடம் சந்தைக்கடையாயிற்று. ஸ்டூல் மூலைக்குப் போனது. தச்சர் பலகைகளோடு வந்தார். காலுக்கடியில் ஒரு பலகை வைத்து நின்று பார், இரண்டு வைத்துப் பார் என்று நாங்களே ஏறி இறங்கினோம். தகடு இடுப்புக்குச் சற்று மேலே வந்தபோது என் தோள் தானாகக் கீழே இறங்கியதை உணர்ந்தேன். குள்ளமானவர்களுக்கு ஒரு பலகை அதிகம் வேண்டும் என்றார் கண்ணாடி அக்கா. ஈரத்துணி வண்டிக்குள் அடிப்பலகை வைத்து உயர்த்தினால் குனிய வேண்டாம் என்றாள் பாட்டுக்காரி, அவ்வளவு நாள் அழுது மறைத்த இடுப்பைத் தடவிக்கொண்டு. உருளையில் அரை மணிக்கு ஒரு ஜோடி மாற வேண்டும் என்று நான் சொன்னேன். எல்லாம் எங்களுக்கு முன்பே தெரிந்ததுதான். ஒரு வருடமாக வயிற்றுக்குள் வைத்திருந்தோம்.

வலியைச் சொன்னதற்காக யாரையும் நீக்கமாட்டோம் என்று மேலிடத்திலிருந்து ஒரு காகிதமும் வந்தது. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. நான் நாலு தடவை படித்தேன். அடுத்த பட்டியல் வரும்வரை என் பயம் போகாது.

ஒன்பது பேர் கையையும் டாக்டர் பார்க்க வேண்டும் என்று பொட்டுக்காரம்மா பிடிவாதமாக ஏற்பாடு செய்தார். அடுத்த வாரம் மூன்றாம் மாடிக்குப் போனோம். இத்தனை வருடத்தில் அங்கே விரிப்புதான் போயிருக்கிறது, நாங்கள் போனதில்லை. முதலில் என் நாத்தனாரைக் கூப்பிட்டார்கள். என்னையும் துணைக்கு உள்ளே விட்டார்கள். அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு அவ்வளவாகப் பேசவில்லை. ஆனாலும் உள்ளே போகும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா மேஜை மேல் கையை மல்லாத்தி வைக்கச் சொன்னார். தீக்காயக் கட்டைப் பிரித்து, புண் இல்லாத இடமாகப் பார்த்துக்கொண்டார். "கண்ண மூடிக்கங்க. நான் தொட்டதும் 'ம்' சொல்லணும்."

இடது கையில் ஆரம்பித்தார். மெல்லிய குச்சியின் நுனி படுவதற்கு முன்பே சொல்வது போல, ம், ம், ம் என்று அவள் டக் டக்கென்று சொன்னாள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வலது கை. சுண்டு விரல். "ம்."

பிறகு கட்டை விரல். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆள்காட்டி விரல். நடு விரல். டாக்டரம்மா குச்சியை வைத்துவிட்டு ஊசியை எடுத்தார். மறுபடி கட்டை விரலிலிருந்து. ஊசி நுனி தோலை அமுக்குகிறது, சின்னதாக வெள்ளைக் குழி விழுகிறது, எடுத்ததும் மறைகிறது. ஒவ்வொரு விரலிலும் இரண்டு இடத்தில். நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

என் நாத்தனார் கண்ணை இறுக்கி மூடியபடி, கவனமாகக் காத்திருந்தாள். நல்ல மார்க் வாங்க வேண்டும் என்பது போல.

"அண்ணி," என்று கிசுகிசுத்தாள். "டாக்டரம்மா வெளிய போயிட்டாங்களா? ஏன் இன்னும் தொடல?"

"தொட்டுட்டாங்கடி," என்றேன். "ஊசியாலயே குத்திட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சும்மா பொய் சொல்லாதீங்க அண்ணி," என்றாள். கையை எடுக்காமல், கண்ணைத் திறக்காமல், இன்னும் காத்திருந்தாள்.